இயேசுவைப் பற்றிப் பிரசங்கித்த அப்போஸ்தலர் பவுல், கொரிந்து ஊர்க் கிறிஸ்தவ சபைக்கு ஏன் கடிதம் எழுதினார்? பின்னணி தெரியாமல் வாசித்தால் என்ன குறைந்துவிடும்?

ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் இறையியல் கல்லூரிப் பக்கம் போனவன் அல்ல. எங்கள் சபையில் இருபது வருடம் ஆராதனையில் வேதபாடம் வாசித்தவன், அவ்வளவுதான். இப்போது வாசிப்பதில்லை, காரணம் கீழே.

கிரேக்க நாட்டுக் கொரிந்தை கி.மு. 146இல் உரோமர் அழித்தார்கள். கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் மறுபடி ஆட்களைக் குடியேற்றினார். இரண்டு பக்கமும் துறைமுகம், விடுதலையான அடிமைகளும் வியாபாரிகளுமாகப் பிழைக்க வந்தவர்களின் ஊர். பவுல் கி.பி. 50ஐ ஒட்டி அங்கே போய், ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியரோடு கூடாரத் தொழில் செய்துகொண்டு ஒன்றரை வருடம் தங்கினார். பிறகு அவர் இன்றைய துருக்கியில் உள்ள எபேசுவில் இருந்தபோது குலோவேயாள் என்ற பெண்ணின் வீட்டார் மூலம் சபைக்குள் கோஷ்டிச் சண்டை என்று செய்தி வந்தது. சபையும் கல்யாணம், விக்கிரகத்துக்குப் படைத்தது என்று கேள்விகள் எழுதி அனுப்பியது. ஏழாம் அதிகாரம் அந்தக் கேள்விகளுக்கான பதிலாகத்தான் தொடங்குகிறது. கேள்வித்தாள் தொலைந்து, விடைத்தாள் மட்டும் நம் கையில் இருக்கிறது. நாம் ‘முதலாம் நிருபம்’ என்கிறோம், 1 கொரிந்தியர் என்றும் எழுதுவோம்; நிருபம் என்றால் கடிதம். இதற்கு முன்பே ஒன்று எழுதியதாக ஐந்தாம் அதிகாரத்தில் அவரே சொல்கிறார்.

சரி, பின்னணி தெரியாவிட்டால் என்ன குறையும் என்பதற்கு வருகிறேன். போன வருடம் எங்கள் ஆலயத்தின் பிரதிஷ்டைப் பண்டிகை அசனம், அதாவது சபையார் எல்லாருக்கும் போடும் விருந்து. கமிட்டிக்காரர்களுக்கும் பெரிய நன்கொடை கொடுத்தவர்களுக்கும் ஹாலுக்குள் இலை போட்டார்கள். மற்றவர்களுக்குப் பந்தலில் மூன்று பந்தி. எங்கள் அம்மாவுக்கு மூன்றாம் பந்தியில்தான் இடம் கிடைத்தது. அதற்குள் கறி தீர்ந்து, சோறும் ரசமும்தான் மிச்சம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் பொறுக்கவில்லை.

அடுத்த வாரம் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து ஆராதனை. வாசிக்க எனக்குத் தந்தது 1 கொரிந்தியர் 11, 23ஆம் வசனத்திலிருந்து. ஆண்டவர் இயேசு கடைசி இராவிருந்தில் அப்பத்தை எடுத்த பகுதி, எல்லாருக்கும் மனப்பாடம். பவுல் அதை ஏன் எழுத நேர்ந்தது என்பது அதற்கு மேலே இருக்கிறது. அந்தக் காலத்தில் அப்பமும் திராட்சரசமும் முழுச் சாப்பாட்டோடு சேர்ந்தது. கூடியது வசதியுள்ளவர் வீட்டில். உரோமர் வீட்டுச் சாப்பாட்டு அறையில் பொதுவாக ஒன்பது பேர்தான் சாய்ந்து சாப்பிடலாம். மற்றவர்கள் முற்றத்தில் இருந்திருப்பார்கள், வேலை முடித்துப் பிந்தி வந்தவர்களுக்கு மிச்சம் இருந்திருக்காது என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். ஊகம்தான், ஆதாரம் கேட்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் “ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்” என்பது ஊகம் இல்லை, 21ஆம் வசனம். வெறி என்றால் குடிவெறி.

நான் 17ஆம் வசனத்திலிருந்து வாசித்தேன். “இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா” என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தியும் வாசித்தேன், அதை மறைக்கவில்லை. புதிதாக வாங்கிய ஒலிபெருக்கியில் எக்கோவைக் கூட்டி வைத்திருந்ததால் பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. 

ஆனால் புரிய வேண்டியவருக்குப் புரிந்துவிட்டது. ஆராதனை முடிந்ததும் செயலர் வந்து, “அண்ணாச்சி, யாரைச் சொல்லுதீங்க?” என்றார். “கொரிந்தியரை” என்றேன். அடுத்த மாதப் பட்டியலில் என் பெயர் இல்லை.

வேதத்தைத் தன் கோபத்துக்கு ஆயுதமாக்கினான் என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் பவுலும் அந்த வசனங்களைச் சாந்தமாக எழுதியதாகத் தெரியவில்லை. சாப்பாட்டுத் தகராறைத் தீர்க்கப் போன இடத்தில்தான் ஆண்டவர் அப்பத்தை எடுத்த கதையை அவர் நினைவுபடுத்துகிறார். பிறகு, “ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்” என்று முடிக்கிறார். மேலே உள்ளதை வெட்டிவிட்டால் அந்தக் கடைசி வரி எதற்கு என்றே தெரியாது.

இந்த வருடமும் ஹால் தனி, பந்தல் தனி. நான் முன்கூட்டியே போய் அம்மாவை முதல் பந்தியில் உட்கார வைத்துவிட்டேன். யாருக்காகவும் காத்திருக்கவில்லை, அதுவும் எனக்குத் தெரியும்.