வக்கீல் அண்ணாச்சி பதில்கள்: ஊர் வழக்கமும் மனித உரிமையும்

(கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.)

தக்கலை, கல்லூரி மாணவி: மனித உரிமை எல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு, நமக்கு நம் பண்பாடு போதும் என்கிறார் மாமா. என்ன பதில் சொல்ல?

நம்ம ஊர்க் கதையையே சொல்லும்மா. இந்தக் குமரிப் பக்கமெல்லாம் திருவிதாங்கூர் சமஸ்தானமாக இருந்த காலத்தில், நாடார் பெண்கள் தோளில் சீலை போட்டால் வழக்கம் கெட்டுவிடும் என்று மேல்சாதிக்காரர்கள் அதைப் பிடித்து இழுத்துக் கிழித்தார்கள். 1822 முதல் 1859 வரை விட்டுவிட்டுக் கலவரம். கடைசியில் 1859 ஜூலை 26இல் மகாராஜா உத்தரவு போட்டார். அதைப் படித்தால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்: கிறிஸ்தவ நாடார் பெண்கள் மாதிரி குப்பாயம் (ரவிக்கை) போடலாம், மீன்பிடிக்கும் முக்குவப் பெண்கள் மாதிரி முரட்டுத்துணி சுற்றலாம், எப்படி வேண்டுமானாலும் மறைக்கலாம், மேல்சாதிப் பெண்கள் மாதிரி மட்டும் கூடாது!

மிஷனரிகள் தூண்டிவிட்டார்கள் என்பார் மாமா. துணை நின்றார்கள்தான். ஆனால் அடி வாங்கியது நம்ம பெண்கள். சாமித்தோப்பில் ஆண்கள் எல்லோரையும் தலைப்பாகை கட்டச் சொல்லி, சாதிக் கொடுமையை எதிர்த்த அய்யா வைகுண்டர் எந்த மிஷனில் இருந்தார்? இன்றைக்கும் அங்கே ஆண்கள் தலைப்பாகையோடுதான் கோயிலுக்குள் போகிறார்கள்.

ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனம் 1948 டிசம்பர் 10இல் வந்தது. அதன் முதல் பிரிவில் 'ஆண்கள் அனைவரும்' என்று பொருள்படும்படி இருந்ததை 'மனிதர் அனைவரும்' என்று மாற்ற வைத்தவர் சூரத்தில் பிறந்த ஹன்சா மேத்தா. அவரும் வெள்ளைக்காரரா என்று மாமாவிடம் கேள்.

குளச்சல்: அப்போ கோயில் கொடை விழா, குருசடி (சிலுவைக் கோயில்), தர்கா எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு உலகமே ஒரே மாதிரி ஆகணுமா அண்ணாச்சி?

யார் சொன்னது? தக்கலை பீர்முகம்மது அப்பா தர்காவில் விடிய விடியப் பாடுகிறார்களே, அந்த உரிமையும் இதே பிரகடனத்துக்குள்தான் இருக்கிறது (பிரிவு 18, 27). யுனெஸ்கோ 2001இல் பண்பாட்டுப் பன்மைக்கென்றே தனியாக ஒரு பிரகடனம் போட்டது. அதன் நான்காவது பிரிவு, பண்பாட்டைக் காரணம் காட்டி யாருடைய மனித உரிமையையும் பறிக்க முடியாது என்கிறது. கொடைக்கு வில்லுப்பாட்டு வை, யாரும் தடுக்கவில்லை. இன்ன தெருக்காரர் பந்தலுக்குள் வரக்கூடாது என்றால்தான் வம்பு.

மார்த்தாண்டம்: வீட்டில் மலையாளம் பேசுகிறோம். 1956இல் குமரி ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு அந்த உரிமை போய்விட்டதா?

போகவில்லை. அரசியலமைப்பின் 29, 30ஆம் பிரிவுகளைப் பாருங்கள். மொழியைக் காக்கவும், பள்ளி நடத்தவும் மொழிச் சிறுபான்மையருக்கு உரிமை உண்டு.

நித்திரவிளை: ஸ்ரீதனம் (வரதட்சணை) நம்ம வழக்கம்தானே, இதில் என்ன உரிமை மீறல்?

அந்தப் பெண்ணின் அப்பா ராத்திரி தூங்குகிறாரா என்று விசாரித்தீர்களா? 1961இலிருந்தே கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். நகையைத் தட்டில் வைத்துத் துணி போட்டு மூடிக் கொடுத்தாலும் அப்படித்தான்.

பேச்சிப்பாறை: போலீஸ்காரர் அடித்தால் மனித உரிமை ஆணையத்துக்கு எப்போது எழுதணும்?

சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள். வெள்ளைத்தாளில் தேதி, நேரம், இடம் மூன்றையும் தெளிவாக எழுதுங்கள். காயம் இருந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டு வாங்குங்கள், அப்புறம் பேனாவை எடுங்கள்.