எரியறப்ப பாரு

அன்புள்ள ஐயா,

அப்பா 1977இல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 3 வண்டியை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஹெட்லைட் மிகவும் மங்கல். போன மாதம் 100/90 வாட்ஸ் பல்பு போட்டேன். ஒரு வாரம் பரவாயில்லை. பிறகு டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து கருகும் வாடை வருகிறது. மெக்கானிக் பல்பைக் கழற்றிவிட்டு சாக்கெட்டில் மீட்டர் வைத்து, "12.6 வோல்ட் வருது, வயரிங் நல்லாத்தான் இருக்கு, எல்ஈடி போட்டுருங்க" என்கிறார். ரிலே வைத்தால் சரியாகும் என்கிறார் நண்பர். எந்தக் கம்பெனி ரிலே நல்லது? டைனமோ தாங்குமா? வயரை வெட்டினால் வண்டியின் ஒரிஜினாலிட்டி கெட்டுவிடாதா? குடும்பத்தோடு அடிக்கடி இரவில் கரூரிலிருந்து திண்டுக்கல் போகவேண்டியிருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

க., கரூர்

அன்புள்ள க.,

முதலில் எழுந்து போய் அந்த 100 வாட்ஸ் பல்புகளைக் கழற்றுங்கள். பழைய 60/55ஐயே மாட்டுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். கருகும் வாடை வந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இரவில் போகிறீர்கள் என்று படித்ததும் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அம்பாசிடரின் தாய்வீடு பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் ஹெட்லைட் லைனுக்கு ஃபியூஸே வைக்கமாட்டார்கள். வயர் சூடேறி உருகினால் நடுவில் அறுந்து காப்பாற்ற ஒன்றும் இல்லை. அப்பாவின் வண்டி மேல் இவ்வளவு பாசம் வைத்திருக்கிறீர்கள், அந்த வாடையை எப்படி இத்தனை நாள் பொறுத்துக்கொண்டீர்கள்?

உங்கள் கேள்விகளில் சிலவற்றை இங்கேயே முடித்துவிடுகிறேன். ரிலே என்பது சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். கம்பெனி முக்கியமில்லை. 12 வோல்ட், 30 அல்லது 40 ஆம்பியர், கால்களில் 30, 85, 86, 87 என்று எண் போட்ட நல்ல ரிலே இரண்டு போதும். லாரி சாமான் கடையில் 24 வோல்ட் ரிலேயும் பார்க்க இதே மாதிரி இருக்கும், படித்துப் பார்த்து வாங்குங்கள். டைனமோவுக்கு ரிலேயால் பெரிய சுமை கிடையாது. 100 வாட்ஸ் பல்புதான் சுமை. ஒரிஜினாலிட்டி பற்றிக் கவலை வேண்டாம். ஹெட்லைட்டில் இப்போது மாட்டியிருக்கும் சாக்கெட்டிலேயே செருகுகிற மாதிரி பிளக் வைத்துச் செய்யலாம், ஒரு வயரைக்கூட வெட்டவேண்டாம். நாளைக்கே கழற்றினாலும் அப்பா விட்டுப்போன வண்டி அப்படியே இருக்கும்.

எல்ஈடி வேண்டாம். உங்கள் ஹெட்லைட்டில் இருக்கும் ஹெச்4 வகைப் பல்பில் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக்குள் இருக்கும் குழிவான ரிஃப்ளெக்டர், இழையும் அந்தக் கிண்ணமும் நிற்கும் இடத்தை வைத்துக் கணக்குப்போட்டுச் செய்தது. அந்த இடத்தில் வேறு வடிவத்தில் ஒளி கக்கும் ஒன்றைத் திணித்தால் வெளிச்சம் சாலையில் விழாது, எதிரே டிவிஎஸ் 50இல் பால் கேன் கட்டிக்கொண்டு வருகிறவரின் கண்ணில் விழும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

இனி அந்த 12.6. உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அந்த எண்ணுக்காகத்தான். 

1986இல் எனக்குப் பதினோரு வயது. அப்பா திண்டுக்கல்லில் டாக்சி ஓட்டினார், முதலாளி வண்டி, மார்க் 2. ஒரு மழை இரவில் கொடைக்கானலில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். முன் சீட்டில் நான். பெருமாள்மலை தாண்டி ஒரு வளைவில் எதிரே லாரி ஏறி வந்தது. அப்பா இடது காலால் தரையிலிருந்த டிப்பரை, அதாவது டிம்மும் பிரைட்டும் மாற்றும் சுவிட்சை, மிதித்தார். இரண்டு விளக்கும் அணைந்துவிட்டன. டிம்மும் இல்லை, பிரைட்டும் இல்லை. மழைச் சத்தமும் லாரியின் வெளிச்சமும் மட்டும். அப்பா ஸ்டியரிங்கை அசைக்காமல் பிடித்துக்கொண்டு மறுபடி ஓங்கி மிதித்தார். விளக்கு வந்தது. ஓரமாக நிறுத்தி வெற்றிலையைப் பிரித்தபோது அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். அதற்கப்புறம் வத்தலக்குண்டு வரை அவர் டிப்பரைத் தொடவே இல்லை, முழுக்க பிரைட்டிலேயே இறங்கினார். எதிரே வந்தவர்களெல்லாம் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் அப்பா இருட்டுக்குள் கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் காலை எலெக்ட்ரீசியன் பாயிடம் போனோம். ஒரு ஸ்க்ரூவைத் தொடவில்லை அவர். முள் வைத்த மீட்டரை என் கையில் கொடுத்து, "தம்பி, நீ படிச்சுச் சொல்லு" என்றார். வண்டியை ஸ்டார்ட் செய்து ரேஸ் கொடுத்து, பேட்டரியில் வைத்தார். 13 என்றேன். பல்பின் சாக்கெட்டைக் கழற்றி அதற்குள் வைத்தார். அங்கேயும் 13. எனக்கு ஒரே சந்தோஷம், "வயரு நல்லாருக்கு பாய்!" என்று கத்தினேன். அவர் சிரிக்கவில்லை. சாக்கெட்டைத் திரும்ப மாட்டி, விளக்கை எரியவிட்டு, பின்பக்கமாகக் குண்டூசி செருகி வைத்தார். முள் பத்தரைக்கு விழுந்தது.

"வயர்ல ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் கழட்டிப் பாத்தா பதிமூணு காட்டும்டா தம்பி. எரியறப்ப பாரு."

உங்கள் மெக்கானிக் செய்த தப்பு, பதினோரு வயதில் நான் செய்ததேதான். டிஜிட்டல் மீட்டர் இழுப்பது மைக்ரோ ஆம்பியர் கணக்கு. அவ்வளவு சின்ன ஓட்டத்துக்குத் துருப்பிடித்த வயரும் தடையாகத் தெரியாது. இரண்டு 60 வாட்ஸ் பல்பும் எரியும்போது ஓடுவது சுமார் 10 ஆம்பியர். வழியில் அங்கங்கே சேர்ந்த தடை வெறும் 0.2 ஓம் என்றாலும் 2 வோல்ட் போய்விடும். அது எங்கும் மாயமாக மறையாது. 20 வாட்ஸ் சூடாக சுவிட்சிலும் மூட்டுகளிலும் உட்காரும். நீங்கள் 100 வாட்ஸ் பல்பு போட்டதும் அந்தச் சூடு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது, அதுதான் உங்களுக்கு வந்த வாடை.

இன்னொன்று. இழை பல்பில் வோல்ட் குறைகிற அளவுக்கு மட்டும் வெளிச்சம் குறைவதில்லை. வோல்டேஜின் 3.4ஆவது அடுக்கையொட்டி விழும். பத்து சதவீதம் வோல்ட் போனால் முப்பது சதவீதம் வெளிச்சம் போகும். பதிமூன்று பத்தரையானால் மிஞ்சுவது பாதிக்கும் கீழே. அப்பா அத்தனை வருடம் அந்தப் பாதி வெளிச்சத்தில்தான் மலை ஏறி இறங்கியிருக்கிறார்.

பாய் தரையிலிருந்து டிப்பரைக் கழற்றினார். உள்ளே மழைத் தண்ணீர், காண்டாக்ட் இரண்டும் கரி. "லைட்டுக்குப் போற ஆம்பியர் பூரா ஒங்க செருப்புக்குக் கீழதான் போகுது டிரைவரண்ணே, அது எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்றார். பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு சுவிட்ச், அங்கிருந்து கால் டிப்பர், அங்கிருந்து மறுபடி முன்னால் விளக்குக்கு என்று அவ்வளவு தூரம் சுற்றி வருகிறது கரண்ட். ரிலே வைத்தபின் அந்தப் பாதையில் ஓடுவது ரிலே காயிலுக்கு வேண்டிய 0.2 ஆம்பியர்தான். சுவிட்சின் வேலை செய்தி சொல்வது மட்டும். பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து பக்கத்து வழியாக நேரே போகும். அன்று சாயங்காலம் பாய் ரிலே வைத்து முடித்ததும் அப்பா புது டிப்பரை மிதித்துப் பார்த்தார். பானெட்டுக்குள் டக் என்றது. திரும்ப மிதித்தார், டக். "சொன்ன பேச்சு கேக்குது பாய்" என்றார். அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

நீங்கள் ரிலே வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். ஆனால் அளக்காமல் வைக்காதீர்கள். ரிலே பிளஸ் பக்கத்து வழியை மட்டும்தான் சரிசெய்யும். எர்த் கெட்டிருந்தால் இரண்டு அல்ல, இருபது ரிலே வைத்தாலும் விளக்கு அப்படியேதான் இருக்கும். விளக்கின் கூடு பாடியில் திருகியிருக்கும் இடத்தில் பெயின்ட்டும் துருவும் ஏறி, வந்த கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் நிற்கும். நான் பார்த்த பழைய வண்டிகளில் பாதிக் குற்றம் அங்கேதான். எத்தனை பேர் புது வயர், புது ரிலே, புது பல்பு என்று காசைக் கொட்டிவிட்டு அந்த ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி எமரி பேப்பர் போடாமல் விட்டிருக்கிறார்கள்!

60/55 பல்பு மாட்டி, என்ஜினை ஓடவிட்டு, பிரைட் போட்டு அளந்து பாருங்கள். பேட்டரியின் இரண்டு முனைக்கு நடுவே ஒன்று. எரிகிற பல்பின் இரண்டு காலுக்கு நடுவே ஒன்று. பேட்டரி பிளஸுக்கும் பல்பின் பிளஸுக்கும் நடுவே ஒன்று. பல்பின் எர்த்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே ஒன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதும், மூன்றாவதையும் நான்காவதையும் கூட்டினால் வருவதும் ஒத்துப்போகவேண்டும். ஒத்துப்போகாவிட்டால் திரும்ப அளங்கள்.

வேலை செய்யும்போது பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வையுங்கள், மெயின் வயர் 4 சதுர மில்லிமீட்டர், விளக்குகளுக்கு 2.5. இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி ஃபியூஸ், ஒன்று போனாலும் மற்றது எரியும். ரிலேயின் கால்கள் கீழே பார்த்திருக்கட்டும், தண்ணீர் நிற்காது. பிரிட்டிஷ் நிற வழக்கப்படி நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், நீலத்தில் சிவப்புக் கோடு டிம். ஆனால் நாற்பது வருடத்துக்கு மேலாக யார் யார் எந்த நிறத்தில் ஒட்டுப்போட்டார்களோ, டெஸ்ட் லாம்ப் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்த நான்கு எண்களையும் எனக்கு எழுதுங்கள். வலது, இடது இரண்டு விளக்குக்கும் தனித்தனியாக. அதைப் பார்த்துவிட்டு என்ன வாங்கவேண்டும் என்று சொல்கிறேன். அதுவரை திண்டுக்கல்லுக்குப் பகலில் போய்வாருங்கள்.