கேள்வி பதில்: போட்டி நாடு வளரும்போது வரிச்சுவர் ஏன் எழுவதில்லை?

கோத்தகிரி வாசகர்: ஐயா, வெளிநாட்டுச் சரக்கு நம்மை நெருக்கும்போது இறக்குமதி வரியை ஏற்றுவதில் அரசுகளுக்கு என்ன தயக்கம்?

பதில்: அந்த வரி உள்நாட்டிலேயே யாருக்கு வலிக்கும் என்று பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியும் அமெரிக்காவும் எஃகு உற்பத்தியில் பிரிட்டனை முந்திவிட்டன. இரண்டுமே வரிச்சுவருக்குள் வளர்ந்தவை. நாமும் சுவர் எழுப்புவோம் என்று 1903-இல் பிரிட்டன் அமைச்சர் ஜோசப் சேம்பர்லின் கிளம்பினார். இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதிப் பருத்தி ஆலைகள் அதை விரும்பவில்லை; அவற்றின் துணி விற்றதே வெளிநாடுகளில்தான். உலகச் சரக்குப் போக்குவரத்தில் பிழைத்த கப்பல், காப்பீட்டு நிறுவனங்களுக்கும் தடையற்ற வணிகமே வசதி. அவர் திட்டத்தில் தானியத்துக்கும் வரி இருந்தது. லிபரல் கட்சி விடுமா? பெரிய ரொட்டியையும் சின்ன ரொட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, வரி வந்தால் ரொட்டி இப்படிச் சுருங்கும் என்று வாக்குக் கேட்டது. 1906 தேர்தலில் அமோக வெற்றி. வேறு காரணங்களும் உண்டு, ஆனால் ரொட்டிதான் வீடுவீடாகப் பேசப்பட்டது. பொதுவான இறக்குமதி வரி வர 1932 ஆயிற்று. கொள்கைப் பிடிப்பு என்று புத்தகங்கள் எழுதும். எனக்குத் தெரிவது வாக்குக் கணக்கு.

குன்னூர் வாசகர்: வரி போட்டிருந்தால் பிரிட்டன் பின்தங்கியிருக்காதே?

பதில்: உறுதியில்லை. 1981-இல் அமெரிக்காவின் நெருக்குதலால், அங்கே அனுப்பும் கார்களின் எண்ணிக்கைக்கு ஜப்பானே வரம்பு கட்டிக்கொண்டது. ஜப்பான் நிறுவனங்கள் விலை கூடிய கார்களை அனுப்பின, அமெரிக்காவிலேயே ஆலையும் வைத்தன. கூடுதல் விலையைக் கொடுத்தவர் அமெரிக்க வாடிக்கையாளர்.

கூடலூர் வாசகர்: எங்கள் தேயிலைக்காவது வரி வேண்டாமா? பச்சை இலை விலை பறிகூலிக்கே போதவில்லை.

பதில்: தேயிலைக்கு 100 சதவீத வரி ஏற்கெனவே இருக்கிறது. நேபாளத் தேயிலை ஒப்பந்தப்படி வரியில்லாமல் வருகிறது. ஏற்றுமதிக்கென்று கொண்டுவரும் தேயிலைக்கும் விலக்கு உண்டு. முழுக்கச் சுவர் கட்டலாமே என்பீர்கள். இந்தியா ஆண்டுக்கு 20 கோடி கிலோவுக்கு மேல் தேயிலை ஏற்றுமதி செய்கிறது. வாங்கும் நாடு பதிலுக்கு வரி போட்டால் அடி முதலில் குன்னூர் ஏலத்தில் விழும். கலப்படத்தையும், வந்த தேயிலை இந்தியத் தேயிலை என்ற பெயரில் திரும்பப் போவதையும் பிடிக்கச் சொல்லுங்கள். அந்தக் கோரிக்கையில் நானும் கையெழுத்திடுகிறேன்.

ஊட்டி வாசகர்: சீனப் பூண்டுக்குத் தடையே இருக்கிறதே, பலன் உண்டா?

பதில்: 2014 முதல் தடை. கடத்தல் பூண்டு இன்றும் பிடிபடுகிறது. உள்ளூர் விலை ஏறும்போதெல்லாம் கடத்துபவருக்கு லாபமும் ஏறுகிறது.