பித்தளை மணியா, சிவப்புப் புள்ளியா?

கேள்வி: போன வருஷம் கிரீன் கார்டு வந்தது. பக்கத்துத் தெருவில் இரண்டு முறை வீடு புகுந்து திருடிவிட்டார்கள். பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த பிறகு மாஸ்பெர்க் 500 ஷாட்கன் ஒன்று வாங்கினோம். 12 கேஜ், 18.5 அங்குலக் குழல். குறி பார்க்கக் குழல் நுனியில் பாசிமணி போல ஒரு பித்தளை மணி மட்டும்தான் இருக்கிறது. "இதை வைத்து ராத்திரியில் எதைக் குறி பார்ப்பீர்கள்? கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் குறிக்கருவி போடுங்கள்" என்று கடைக்காரர் 400 டாலருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். நான் 5 அடி 1 அங்குலம், கணவர் 5 அடி 10. இருவருக்கும் பொதுவாக எது வாங்கலாம்?
(வாசகி, பிரிஸ்கோ, டெக்சாஸ்)

பதில்: அந்த 400 டாலர் இப்போதைக்குப் பையிலேயே இருக்கட்டும். முதலில் தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுங்கள். ஆபத்து என்றால் நீங்கள் ஒதுங்கி நிற்கப்போகும் இடம் பெரும்பாலும் படுக்கையறைதான். அங்கிருந்து வீட்டுக்குள் கண் எட்டும் மிக நீளமான தூரம் எவ்வளவு என்று பாருங்கள். என் வீட்டில் அறைக்கதவிலிருந்து மாடிப்படியின் கடைசிப் படி வரை 9 கஜம். உங்கள் குறி வேலை செய்ய வேண்டிய தூரம் அவ்வளவுதான்.

"ஷாட்கன்தானே, அந்தப் பக்கம் திருப்பினால் போதும்" என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். பல ஈயக் குண்டுகள் அடைத்த சாதாரண பக்‌ஷாட் தோட்டா, சோக் (நுனியைக் குறுக்கும் அமைப்பு) இல்லாத குழலில் கஜத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் விரியும். 5 கஜத்தில் காபி டபராவின் அகலம், அவ்வளவே. ஃபெடரல் நிறுவனத்தின் ஃப்ளைட்கன்ட்ரோல் வகைத் தோட்டா என்றால் 10 கஜத்திலும் உள்ளங்கை அளவுக்குள் நிற்கும். 00 என்ற அளவுத் தோட்டா ஒன்றில் 8 அல்லது 9 ஈயக் குண்டுகள், ஒவ்வொன்றும் 8.4 மில்லிமீட்டர். நம் வீட்டு உள்சுவர் இருபுறமும் ஜிப்சம் பலகை, நடுவே வெற்றிடம். தவறிய குண்டு அதில் நிற்காது, அடுத்த அறைக்குப் போகும். ஆகவே குறி பார்த்தே ஆகவேண்டும்.

பித்தளை மணி பாதிக் குறிதான். ரைஃபிளில் பின்னால் ஒரு வெட்டு இருக்கும், முன்முனையை அதற்குள் நிறுத்துவார்கள். இங்கே அந்தப் பின்குறியின் வேலையை உங்கள் கண் செய்கிறது. கன்னம், தோளில் வைக்கும் கட்டையில் எங்கே படிகிறது என்பதைப் பொறுத்து கண்ணின் இடம் மாறும். வீட்டிலேயே சோதிக்கலாம். தோட்டாக்களை வேறு அறைக்குக் கொண்டுபோங்கள், துப்பாக்கி காலி என்று இருவரும் தனித்தனியே பாருங்கள். பிறகு வெளிச்சுவரை நோக்கி, கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்து, கன்னத்தைப் பதித்துவிட்டுக் கண்ணைத் திறங்கள். மணி, துப்பாக்கியின் மேல்விளிம்பில் ஒட்டி உட்கார்ந்திருந்தால் சரி. மேல்பாகம் முழுக்க நீண்ட ரோடு போலத் தெரிந்தால் தலை தூக்கியிருக்கிறது. சுட்டால் மேலே போகும். பயத்தில் எல்லோரும் செய்யும் தவறு இதுதான். எதிரே இருப்பதை நன்றாகப் பார்க்கலாமென்று தலை தானாக எழும்பிவிடும்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல். மாஸ்பெர்க் 500-இன் வழக்கமான கட்டை, விசையிலிருந்து பின்முனை வரை 14 அங்குலத்தைத் தொடுகிறது. கணவருக்குப் பொருந்தும். உங்களுக்கு நீளம், கை எட்டாமல் உடம்பு பின்னால் சாயும், கன்னம் எங்கேயோ போய் உட்காரும். எந்தக் குறி போட்டாலும் இது சரியாகாது. மேக்புல் எஸ்.ஜி.ஏ. போல, இடையில் வில்லைகளைச் சேர்த்தோ எடுத்தோ நீளத்தை மாற்றும் கட்டை வாங்குங்கள். இருவருக்கும் பொது என்றால் குட்டையானவருக்கு வைப்பதே சரி. குட்டைக் கட்டையை உயரமானவர் சமாளித்துவிடுவார், மறுபக்கம் நடக்காது.

அடுத்த செலவு விளக்குக்கு. முன்பிடியில் பொருத்தும் விளக்கோ, தனியாக ஒரு நல்ல டார்ச்சோ. இருட்டில் நிற்பது திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த மாமனாரா என்று எந்தக் குறியும் சொல்லாது.

இவ்வளவும் ஆன பிறகுதான் குறி. கோஸ்ட் ரிங் என்பது பின்னால் மெல்லிய பெரிய வளையம், முன்னால் ஒரு முள். வளையத்துக்குள் முள்ளைக் கண் தானே நடுவில் நிறுத்திக்கொள்ளும். அமெரிக்க மரைன் படை எம்1014 என்று எடுத்துக்கொண்ட பெனெல்லி எம்4-இல் இருப்பது இதுவே. ஒற்றைக் குண்டுத் தோட்டாவான ஸ்லக் போட்டுத் தூரத்தில் சுட அருமையானது. வீட்டுக் கூடத்துக்கு மட்டும் என்றால் நான் வாங்க மாட்டேன். மங்கலான வெளிச்சத்தில் கறுப்பு வளையம் இருக்குமிடமே தெரியாது.

ரெட் டாட்டுக்கு உண்மையான பலன் உண்டு, அதுவும் ஒரே துப்பாக்கியை இரண்டு பேர் எடுக்கும் வீட்டில். தலை சற்றுத் தள்ளியிருந்தாலும் கண்ணாடிக்குள் புள்ளி தெரிந்தால் போதும். நாற்பத்தைந்தைத் தாண்டி, பக்கத்தில் உள்ளது மங்கலாகத் தெரிபவர்களுக்கும் நல்லது; பார்வையை எதிரிலேயே வைத்துக்கொள்ளலாம். உங்கள் துப்பாக்கியின் மேல்பாகத்தில் கம்பெனியே திருகு துளைகள் போட்டிருக்கிறது, துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டாம். ஆனால் தாழ்வாக உட்காரும் அடித்தளமாகப் பாருங்கள். ரயில் என்னும் பொருத்துப் பட்டை, அதன் மேல் ஓர் உயர்த்தி, அதன் மேல் புள்ளி என்று அடுக்கினால் கன்னத்துக்குப் பதில் தாடைதான் கட்டையில் படும்.

புள்ளியின் அளவை எம்.ஓ.ஏ. என்று போட்டிருப்பார்கள். 1 எம்.ஓ.ஏ. என்றால் 100 கஜத்தில் சுமார் ஓர் அங்குலம். 6 எம்.ஓ.ஏ. புள்ளிகூட 10 கஜத்தில் மறைப்பது அரை அங்குலத்தைச் சற்றே தாண்டும், எனவே பெரிய புள்ளிக்குப் பயப்பட வேண்டாம். அசைத்தால் தானே எரியும் வகையாக இருக்கட்டும். பேட்டரியைத் தீரும்வரை காத்திராமல் பொங்கலுக்குப் பொங்கல் மாற்றிவிடுங்கள். ஆஸ்டிக்மாடிசம் என்ற பார்வைக் குறை உள்ள கண்ணுக்குப் புள்ளி மத்தாப்பூ மாதிரி சிதறித் தெரியும். கடையிலேயே கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மலிவு வேண்டாம். 60 டாலருக்கு ஒன்று வாங்கி மாட்டினேன். 12 கேஜின் உதையில், இரண்டாவது ஸ்லக் பெட்டி முடிவதற்குள் புள்ளி அணைந்துபோனது. அதைக் கழற்றப் போனால் நான்கு திருகில் இரண்டு ஏற்கெனவே கையோடு வந்தன. அது கம்பெனிக் குற்றமல்ல, என் சோம்பல். திருகு கழலாமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு விட்டிருக்க வேண்டும்.

உங்கள் இடத்தில் நானாக இருந்தால்: கட்டை, விளக்கு, மணிக்கு வெள்ளை நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு. பிறகு ரேஞ்சுக்குப் போய் 5, 7, 10 கஜத்தில் பெரிய தாளை மாட்டி, வீட்டில் வைத்திருக்கப்போகும் அதே தோட்டாவைச் சுட்டு, குண்டுகள் விழுந்த இடத்தைப் பேனாவால் வட்டமிடுங்கள். நூறு தோட்டா சுட்ட பிறகும் தலை எழும்பிக்கொண்டே இருந்தால், அப்போது ரெட் டாட் வாங்குங்கள். துப்பாக்கியைப் பூட்டிவைக்கும் பெட்டிக்கும் காசு ஒதுக்குங்கள். 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கி எட்டும்படி வைப்பது டெக்சாஸில் குற்றம்.

கேள்வி: ஃபைபர் ஆப்டிக், டிரிட்டியம் இரண்டும் ஒளிரும் என்கிறார்கள். எது நல்லது?
(வாசகர், கேட்டி)

பதில்: ஃபைபர் வெளி வெளிச்சத்தை வாங்கித்தான் ஒளிரும். வெயிலில் கண்ணைப் பறிக்கும், இருட்டறையில் வெறும் பிளாஸ்டிக் குச்சி. கதிரியக்க வாயுவான டிரிட்டியம் அடைத்த குறி தானாக ஒளிரும், ஆனால் 12 வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் போனால் ஒளி பாதியாகிவிடும். பழைய சரக்கு என்றால் தயாரித்த வருஷத்தைப் பாருங்கள். உங்களிடம் நல்ல விளக்கு இருந்தால் இரண்டுமே அவசியமில்லை.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி இல்லை. நல்ல ரெட் டாட் ஒன்று வாங்கி, லைசென்ஸ் வைத்திருக்கும் கோயம்புத்தூர் மாமாவுக்குக் கொண்டுபோகலாமா?
(வாசகர், டல்லாஸ்)

பதில்: கடையில் வாங்க எந்தப் படிவமும் கேட்க மாட்டார்கள். சூட்கேஸில் வைப்பதுதான் தப்பு. துப்பாக்கிக் குறிக்கருவிகள் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர், மாநில வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல், துப்பாக்கியை வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம். மாமாவுக்கு வேறு ஏதாவது வாங்கிப் போங்கள்.