ராமேசுவரத்தில் பேடில் போர்டு பழக எந்தப் பக்கக் கடல் ஏற்றது?

பலகையின் மேல் நின்று துடுப்புப் போடப் பழகுபவருக்கு ராமேசுவரம் தீவின் எந்தக் கரை ஏற்றது என்பதை அவர் வரும் மாதமே முடிவு செய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளித்துக் கிடக்க, தீவின் மறைவில் இருக்கும் வடக்குக் கரையோரப் பாக் விரிகுடா பெரும்பாலும் அமைதியாக இருக்கும். வாடைக்காற்றின் மாதங்களில் இந்நிலை தலைகீழாகும்.

அந்த அமைதியை நம்பி வெகுதூரம் போய்விடக் கூடாது என்பதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால்தான் அங்கே அலை எழுவதில்லை. நிற்பவரின் உடல் பாய்போலக் காற்றை வாங்குவதால், போகும்போது தானாக நகர்ந்த பலகை திரும்பும்போது நகர மறுக்கும். அப்போது உடனே மண்டியிட்டோ, குப்புறப் படுத்துக் கைகளால் துழாவியோ கரைநோக்கி வர வேண்டும்; பலகையை விட்டுவிட்டு நீந்தவே கூடாது, ஏனெனில் அதுதான் உங்கள் மிதவை. ஆகவே காலோடு பலகையைப் பிணைக்கும் கயிறும் உயிர்காப்பு அங்கியும் இன்றி இறங்காதீர்கள்.

தொடக்கத்திற்கு ஏறத்தாழ 32 அங்குல அகலமுள்ள பலகையும், காற்று வலுக்காத காலை வேளையும் போதும். பாம்பன் கால்வாயில் நீரோட்டம் மிக வேகமானது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.