ஜனவரியில் சான் மாலோ: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜனவரியில் கேம்பிங் காரில் (படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டி) பிரான்சின் வடமேற்குக் கடற்கரை ஊரான சான் மாலோ போய் வந்ததாக எழுதியிருந்தீர்கள். நாங்களும் பிப்ரவரியில் வண்டி வாடகைக்கு எடுத்துப் போகலாமா என்று யோசிக்கிறோம். குளிர்காலத்தில் பாதிக் கடைகள் மூடியிருக்குமாமே? “மூடின ஊரைப் பார்க்கவா நானூறு கிலோமீட்டர்?” என்கிறாள் என் மனைவி.

எஸ்., பாரிஸ்

அன்புள்ள எஸ்.,

உங்கள் மனைவி கேட்பது நியாயம்தான். கடைகளுக்காக என்றால் போகவே வேண்டாம். நான் போனது கடலுக்காக.

பெரிய ஓத (கடல் ஏற்ற வற்ற) நாட்களில் அங்கே கடல் ஏறி இறங்கும் அளவு 12 மீட்டரைத் தாண்டும். சென்னையில் அது சுமார் ஒரு மீட்டர். மெரினாவைப் பார்த்து வளர்ந்த எனக்கு நம்பவே முடியவில்லை. மதியம் இரண்டு மணிக்கு ஈர மணலில் நடந்து கிராண்ட் பே தீவுக்குப் போனேன். பிரெஞ்சு எழுத்தாளர் ஷத்தோபிரியானின் கல்லறை அங்கேதான்; பெயர்கூடப் பொறிக்காத கல், ஒரு சிலுவை, அவ்வளவுதான். இரவு ஏழரைக்கு நான் நடந்த பாதையையே காணோம். சியோன் கடற்கரையில் அலையை உடைக்க நட்டிருக்கும் ஓக் மரத்தண்டுகளைத் தாண்டி, சுவரில் மோதி, எதிர்வீட்டு ஜன்னலில் போய் விழுந்தது தண்ணீர். ஏற்றம் கோடையிலும் உண்டு. புயல்காற்று வந்து சேர்வது குளிர்காலத்தில்தான்.

அதனால் காலண்டரைப் பார்க்காதீர்கள், ஓத அட்டவணையைப் பாருங்கள். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் அதன் அளவைக் காட்ட 20 முதல் 120 வரை ஒரு எண் போட்டிருப்பார்கள். 100க்கு மேல் வரும் நாளாகத் தேர்ந்தெடுங்கள். கடல் ஏறத் தொடங்கியதும் தீவைவிட்டு வந்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த வற்றம் வரை அங்கேதான். வண்டியைக் கடற்சுவரை ஒட்டி நிறுத்தாதீர்கள். நான் நிறுத்தினேன், காலையில் கண்ணாடி முழுக்க உப்பு, வைப்பரில் பாசி.

அப்புறம் கேஸ். இரண்டாம் நாள் விடியற்காலை அடுப்பு பற்றவில்லை, ஹீட்டரும் நின்றுவிட்டது. சிலிண்டரை ஆட்டினால் உள்ளே சளசளவென்று சத்தம், ஆனால் கேஸ் வரவில்லை. வண்டி கொடுத்தவர் பியூட்டேன் சிலிண்டர் வைத்திருந்தார். பூஜ்யம் டிகிரியை நெருங்கினாலே அது ஆவியாக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். புரொப்பேன் மைனஸ் 40 வரை தாங்கும். சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். நாங்கள் காபி இல்லாமல் கம்பளிக்குள் கிடந்தோம். உறைந்துவிடும் என்று பல இடங்களில் தண்ணீர்க் குழாய்களையும் மூடிவிடுகிறார்கள். தொட்டியை வழியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஊரைப் பற்றி: மதில்மேல் ஒரு சுற்று வர ஒரு மணி நேரம் போதும். இரண்டாம் உலகப் போரில், 1944 ஆகஸ்டில், மதிலுக்குள்ளிருந்த நகரத்தின் பெரும்பகுதி அழிந்தது. நீங்கள் பார்க்கப்போகும் ‘பழைய’ கல்வீடுகளில் பல என் அப்பாவைவிட இளையவை. மதில் தப்பிவிட்டது. 1746இல் மதராஸைப் பிடித்த பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே பிறந்தது இங்கேதான். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் லா பூர்தொனேவுக்கும் புதுச்சேரி கவர்னர் துய்ப்ளெக்ஸுக்கும் நடந்த சண்டையைப் படித்திருந்தால், மதில்மேல் நின்று துறைமுகத்தைப் பார்க்க இன்னும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்வீர்கள்.

பிப்ரவரியில் பள்ளி விடுமுறை வாரங்களைத் தவிருங்கள், அப்போது கூட்டம் வந்துவிடும். மனைவியிடம் இதையும் சொல்லிவிடுங்கள்: குயின் அமான் என்ற அந்தப் பக்கத்துக் கேக் விற்கும் பேக்கரி ஜனவரியிலும் திறந்திருந்தது. முழுக்க வெண்ணெயும் சர்க்கரையும்தான். சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும்.