ஐப்பசிக் கலங்கலில் கொடுவா கிடைக்குமா?

கேள்வி: "தாம்பரத்தில் வசிக்கிறேன். இந்த ஆண்டுதான் ஒன்பது அடித் தூண்டில் கோலும் ரீலும் வாங்கினேன். கோவளத்தில் கழி கடலில் சேரும் இடத்துக்கு ஞாயிறுதோறும் விடியற்காலையில் போகிறேன். புரட்டாசி வரை கிழங்கான் கொஞ்சம் கிடைத்தது. மழை தொடங்கியதும் கெளுத்தியைத் தவிர வேறு எதுவும் இரையைத் தொடுவதில்லை. நீர் கலங்கிவிட்டால் தை பிறக்கும் வரை கோலைக் கட்டி வைக்க வேண்டியதுதான் என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா, ஐயா?"

கிழங்கானைப் பொறுத்தவரை உங்கள் நண்பர்கள் சொல்வது சரி. அது தெளிந்த நீரில் மணலைக் கிளறி மேயும் மீன். கலங்கல் வந்தால் விலகிப் போய்விடும். ஆனால் கொடுவாவும் காலாவும் தேடுகிறவர், கழிமுகக் கரையில் நிற்க ஐப்பசி, கார்த்திகையை விட நல்ல மாதங்கள் கிடையாது என்பேன். நீங்கள் தேர்ந்தெடுத்த இடம் நல்ல இடம். போகும் நாள், நேரம், இரை மூன்றும்தான் மாற வேண்டும்.

நம் கிழக்குக் கரையில் சிறிய கழிமுகங்கள் பலவற்றைக் கோடையில் மணல்திட்டு அடைத்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். ஏரிகளும் ஓடைகளும் நிரம்பிக் கழியில் வெள்ளம் ஏறும்போது, அந்தத் திட்டு உடைந்து வாய் அகலமாகத் திறக்கிறது. கழிக்குள் வளர்ந்த இறால் வெள்ளத்தோடு கடலுக்கு இறங்குகிறது. முட்டையிடப் பருவம் வந்த மடவையும் இதே மாதங்களில் கூட்டமாகக் கடல் நோக்கிப் போகிறது. இவை எல்லாம் அந்த ஒரே வாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். பெரிய மீனுக்கு இது தெரியும். வாயின் ஓரத்தில், ஓட்டம் தளரும் பள்ளத்தில் நின்று, வருவதைப் பிடித்துத் தின்கிறது.

கலங்கலைப் பார்த்துப் பயப்படாமல் அதன் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். மழைநீர் இலகுவானது, உப்புநீர் கனமானது. ஆகவே செம்மண் நிறத்தில் ஓடும் நன்னீர் மேலே மிதந்து போகும்போது, அதன் அடியில் உப்புநீர் ஆப்பு போல உள்ளே நுழைந்து கிடக்கும். கடல்மீன் அந்த அடி நீரில்தான் இருக்கும். கன மழை பெய்த மறுநாள் வெள்ளம் அடி நீரையும் சேர்த்துத் தள்ளிவிடும். குப்பையும் ஆகாயத்தாமரையும் தூண்டில் நரம்பில் சிக்கிக்கொண்டே இருக்கும். அன்று போகாதீர்கள். மழை ஓய்ந்து இரண்டு மூன்று நாள் வெயில் அடித்தபின், கழிமுகத்துக்கு வெளியே பழுப்பு நீரும் பச்சை நீரும் சந்திக்கும் ஒரு கோடு தெரியும். அதன்மேல் நுரையும் சருகும் வரிசையாக நிற்கும். உங்கள் இரை விழ வேண்டிய இடம் அதுதான். முடிந்தவரை பச்சைப் பக்கத்தை ஒட்டி எறியுங்கள்.

அடுத்தது நேரம். "ஞாயிறுதோறும் விடியற்காலை" என்ற உங்கள் வழக்கத்தில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. ஓதம், அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரம், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகிறது. ஒரு வாரத்தில் அது ஆறு மணி நேரத்தை நெருங்கிவிடும். இந்த ஞாயிறு விடியலில் நீர் நிறைந்திருந்தால், அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் வற்றிக் கிடக்கும். கடிகாரம் உங்களுக்கு ஒன்றுதான், மீனுக்கு வேறு. இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணையில் சென்னைத் துறைமுகத்தின் நேரத்தைப் பாருங்கள். நீர் நிறைந்து, வற்றத் தொடங்கும் முதல் இரண்டு மூன்று மணி நேரம் உங்களுக்குப் பொன்னானது. அப்போதுதான் இறாலும் குஞ்சு மடவையும் வெளியே வரும். கடலில் வற்றம் தொடங்கிச் சற்றுப் பொறுத்துத்தான் கழியில் ஓட்டம் திரும்பும். அதற்கும் இடம் விட்டுக் கணக்கிடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சென்னைக் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் வரை இருக்கும். ஓட்டமும் வலுவாக இருக்கும்.

இனி கெளுத்தி. நீங்கள் எழுதவில்லை என்றாலும், கடையில் வாங்கிய செத்த இறாலைக் கோத்துத் தரையில் கிடத்துகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். கலங்கிய நீரில் மோப்பத்தாலும் மீசையாலும் இரை தேடுவதில் கெளுத்தி கெட்டிக்காரன். அந்த இறால் அதற்கென்றே வைத்த விருந்து. உயிர் இறாலோ விரல் நீள மடவைக் குஞ்சோ தேடுங்கள். கழியில் வீச்சுவலை போடுகிறவர்களிடம் கேட்டால் கிடைக்கும். ஈயக்குண்டை நரம்பின் கடைசியில் கட்டி, அதற்கு ஒன்றரை இரண்டு அடி மேலே கிளை நரம்பில் தூண்டில் முள்ளைக் கட்டினால் இரை தரையைத் தொடாமல் நீந்தும். 1/0 அல்லது 2/0 அளவு முள் போதும். கொடுவாவின் வாய் சொரசொரப்பானது, செவுள்மூடி கத்தி போலக் கூர்மையானது. முள்ளுக்கு மேலே ஒரு முழம் தடித்த நரம்பு இல்லாவிட்டால் கரைக்கு அருகில் வந்து அறுத்துக்கொண்டு போய்விடும். செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்கவும் கூடாது.

காலாவுக்குக் கழியின் வாய் வரை போக வேண்டாம். அதன் மார்புத் துடுப்புக்குக் கீழே நான்கு நூல் போன்ற இழைகள் இருக்கும். கண் தெரியாத கலங்கலிலும் அவற்றால் தடவி இரையைக் கண்டுகொள்ளும். அலை உடைந்து திரும்பும் பள்ளத்தில் உயிர் இறாலை விடுங்கள். பொய் இரையைத் தெளிவுப் பக்கத்துக்கு ஒதுக்கி வையுங்கள். கலங்கலில் அதை எறிவது வீண் உழைப்பு.

உங்களிடம் நான் மன்றாடிக் கேட்பது இதுதான்: மணல்திட்டின் நுனியில் நிற்காதீர்கள். வெள்ளம் அடியை அரித்துக்கொண்டே இருக்கும். மேலே கெட்டியாகத் தெரியும் மணல் ஒரு நொடியில் சரியும். வற்றம், வெள்ளம் இரண்டும் சேர்ந்து இழுக்கும் நீரில் நீச்சல் தெரிந்தவரும் கரையேற முடியாது. வாயின் ஓரத்திலிருந்து நன்றாகத் தள்ளி, சரிவான கரையில் நில்லுங்கள். முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். தனியாகப் போக வேண்டாம். ஐப்பசி மாலையில் இடி இறங்கும். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். முதல் இடிச் சத்தத்திலேயே கோலைக் கீழே வைத்துவிட்டு, திறந்த கரையை விட்டு வெளியேறுங்கள். வாடைக்காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கரை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளின் தெற்குப் பக்கம் ஓரளவு ஒதுக்கமாக இருக்கும். ஆனால் பாசி படிந்த கற்களில் ஏற வேண்டாம். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியிருந்தாலோ, ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் உயர் அலை எச்சரிக்கை கொடுத்திருந்தாலோ அன்று வீட்டிலேயே இருங்கள். ஐயம் இருந்தால் குப்பத்துப் பெரியவர் ஒருவரிடம், "அண்ணா, இன்று தண்ணீர் எப்படி?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கரைவலை இழுக்கும் இடத்தில் கோலை நீட்டாதீர்கள். அது அவர்கள் பிழைப்பு.

கெளுத்தி முள் குத்தினால், முள் துண்டு வெளியே தெரிந்தால் எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருங்கள். விஷம் சூட்டில் வலுவிழக்கும். பிறகு மருத்துவரிடம் காட்டி, தேவைப்பட்டால் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். தூண்டிலில் கடல்பாம்பு வந்தால் தொடாமல் நரம்பை அறுத்துவிடுங்கள். பேத்தை மீனை யார் சொன்னாலும் சமைக்காதீர்கள். அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

கொடுவா ஆணாக முதிர்ந்து, நன்கு பெருத்தபின் பெண்ணாக மாறும் மீன். உங்களுக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் இதைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. கழிகளில் மிச்சமிருக்கும் பெரிய மீன்களில் பெரும்பாலானவை முட்டைத்தாய்கள். ஐந்து ஆறு கிலோவுக்கு மேற்பட்டது சிக்கினால், நீரை விட்டுத் தூக்காமல் முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். வீட்டுக்கு இரண்டு கிலோ மீன் தாராளமாகப் போதும், சுவையும் அதில்தான் அதிகம். அதுவும் கோவளம் போன்ற இடத்தில் பிடித்ததாக இருக்கட்டும். அடையாறு, கூவம் வாய்களில் முதல் மழை நகரத்துச் சாக்கடையை அடித்துக்கொண்டு வருகிறது. எண்ணூர்க் கழியில் 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்தது. இந்த மூன்று இடங்களிலும் பிடித்த மீனைக் குழம்பு வைக்க நான் சொல்ல மாட்டேன்.